உயிருள்ள மெஷின்கள்: என் காதை வளர்த்த 7 எலக்ட்ரானிக் ஆல்பங்கள்

1/
ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச இழை. மருத்துவம் பாதி, இசை பாதி. நீளம் கொஞ்சம் அதிகம், டீயோட உட்காருங்க.

"டாக்டர், நீங்க கேக்குறதுல பாட்டே இல்லையே, வெறும் சத்தம்தானே?" ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் முதல் என் வீட்டம்மா வரை எல்லாரும் கேட்ட கேள்வி இது. இன்னும் சிலர் நேராகவே சொல்வாங்க: "மெஷின் போடுற மியூசிக்ல உயிர் இருக்காது."

நான் ஒரு மயக்கவியல் மருத்துவர். இந்த ஒரு வாக்கியத்தோடு சண்டை போட என்னைவிடத் தகுதியான ஆள் கிடைக்க மாட்டாங்க. ஏன்னு சொல்றேன்.

2/
ஆபரேஷன் தியேட்டரில் "பீப்... பீப்..."னு ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்குமே, அது வெறும் மணி இல்லை. நோயாளியின் விரலில் மாட்டியிருக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கொடுக்கும் ஒலி. ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் ஒரு பீப். அதனால் சத்தத்தின் வேகம்தான் இதயத்தின் வேகம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு குறையக் குறைய அந்த பீப்பின் சுருதியும் இறங்கும். 99-ல் இருக்கும்போது மேலே இருக்கும் ஸ்வரம், 90-க்கு வரும்போது நன்றாகக் கீழே வந்திருக்கும்.

நான் மருந்து எடுத்துக்கிட்டிருப்பேன், முதுகு மானிட்டர் பக்கம் இருக்கும். திரையைப் பார்க்கவே மாட்டேன். சுருதி அரை ஸ்வரம் இறங்கினால் போதும், என் கை தானாக நோயாளியின் மூச்சுக்குழாய் பக்கம் போயிடும். என் துறையில் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் இருக்கும்.

3/
ஆக, என் வேலை நாள் முழுக்க நான் கேட்பது எலக்ட்ரானிக் இசைதான். தாளமும் சுருதியும் மட்டும் இருக்கும். அந்த மெஷின் சத்தத்துக்குள்ளேதான் ஒரு மனுஷனோட உயிர் இருக்கு. "மெஷின் சத்தத்தில் உயிர் இல்லை"ன்னு யாராவது சொன்னா எனக்குச் சிரிப்புதான் வரும்.

சரி, ரசனை எப்படி வளர்ந்ததுன்னு வரிசையா சொல்றேன். 7 ஆல்பம். இது "உலகத்தில் சிறந்தவை" பட்டியல் இல்லை. என் காதைத் திறந்தவை, அவ்வளவுதான்.

4/
ஆல்பத்துக்கு முன்னாடி ஒரு முன்கதை.

தமிழ்நாட்டில் 80, 90-களில் வளர்ந்த யாருக்கும் எலக்ட்ரானிக் ஒலி புதுசில்லை. 1986-ல் வந்த புன்னகை மன்னன் படத்தின் தீம் இசையைக் கேட்ட காது அது. 1992-ல் ரோஜா, 1993-ல் திருடா திருடா. "இந்தச் சத்தம் எந்த வாத்தியத்துல வருது?"ன்னு டேப் ரெக்கார்டர் முன்னாடி உட்கார்ந்து யோசிச்ச தலைமுறை நாங்க. பதில்: அப்படி ஒரு வாத்தியமே இல்லை, உருவாக்கினது.

எங்க அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. கர்நாடக சங்கீதம் மட்டும்தான். கச்சேரி பண்ணவில்லை, ஆனா தினம் காலையில் ஒரு மணி நேரம் பாடுவார். "கரண்ட் போனா நின்னுடற சங்கீதம்டா உன்னோடது"ன்னு கிண்டல் பண்ணுவார். இதைச் சொல்லும்போது அவர் பக்கத்தில் ஓடிக்கிட்டிருக்கும் சுருதிப் பெட்டி எலக்ட்ரானிக்! 1979-ல் பெங்களூரில் உருவானதுதான் எலக்ட்ரானிக் தம்புரா. கொஞ்ச வருஷத்தில் பாடகர்கள் வீடு, பாட்டு கிளாஸ், கோயில் மண்டபம்னு எல்லா இடத்துக்கும் வந்துடுச்சு. அதை யாரும் "உயிரில்லாத சத்தம்"னு சொன்னதில்லை. அதன் மேல்தான் ஏறி உட்கார்ந்து பாடினாங்க.

5/
ஆல்பம் 1: ஆக்ஸிஜீன். ழான்-மிஷேல் ழார், 1976.

எம்பிபிஎஸ் முதல் வருஷம். ஹாஸ்டலில் ஒரு சீனியர் கொடுத்த 90 நிமிஷ கேசட்டில் ஒரு பக்கம் இது இருந்தது. உறையில் பாட்டுப் பெயர் எதுவும் எழுதலை. அவர் சோம்பேறித்தனம்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிந்தது, ஆல்பத்திலேயே பெயர் கிடையாது. பாகம் 1-லிருந்து பாகம் 6 வரை வெறும் எண்கள்.

பாரிஸில் தன் வீட்டிலேயே தற்காலிக ஸ்டுடியோ அமைத்து, 8 தடங்கள் கொண்ட ஒரே டேப் மெஷினில் ழார் பதிவு பண்ணினது இது. பாடகர் இல்லை, ஆர்கெஸ்ட்ரா இல்லை. ஒரு ஆள், சில சிந்தசைசர்கள், ஒரு சின்ன தாளப் பெட்டி.

இது எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம்: மெட்டைக் கேட்பது ஒன்று, ஒலியைக் கேட்பது இன்னொன்று. அதுவரை நான் மெட்டைத்தான் கேட்டேன். இதில் காற்று மாதிரி ஒரு சத்தம் இடது காதிலிருந்து வலது காதுக்குப் போகும். அவ்வளவுதான் நடக்கும். ஆனா அதைக் கேட்கப் பத்து தடவை திருப்பிப் போட்டிருக்கேன். பிறகு மூன்றாம் வருஷம் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வெச்சப்போ இந்தப் பயிற்சி உதவியது. இதய முணுமுணுப்பில் மெட்டு எங்கே இருக்கு? ஒலியின் தன்மை மட்டும்தான்: ஊதுற மாதிரியா, உரசுற மாதிரியா, உறுமுற மாதிரியா.

6/
ஆல்பம் 2: டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ். கிராஃப்ட்வெர்க், 1977.

ஜெர்மனி, டூசல்டார்ஃப். ரால்ஃப் ஹட்டர், ஃப்ளோரியன் ஷ்னைடர் இருவரும் தொடங்கிய குழு. அமெரிக்க ராக் இசையைக் காப்பி அடிக்காம, தங்கள் ஊரின் சாலை, ரயில், தொழிற்சாலை இதிலிருந்து இசை பண்ணலாம்னு முடிவெடுத்தவங்க.

ரயில் தாளம் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து தண்டவாள இணைப்பின் "தடக் தடக்"கை எண்ணாத ஆள் உண்டா? அதையே எடுத்து, இரும்பு மேல் இரும்பு அடிக்கிற சத்தமாக்கி, மேலே சில ஸ்வரங்களில் ஒரு மெட்டு. ஒன்றைக்கூட அதிகமா போட மாட்டாங்க.

1982-ல் நியூயார்க்கில் ஆஃப்ரிக்கா பாம்பாட்டா "பிளானட் ராக்" பண்ணினப்போ எடுத்துக்கிட்டது இந்த மெட்டைத்தான். ஜெர்மன் ரயிலில் கிளம்பின சத்தம் பிராங்க்ஸ் தெருவில் கறுப்பின இளைஞர்களின் நடனத்தில் போய் இறங்கியது. ஹிப் ஹாப், எலக்ட்ரோ, டெக்னோ எல்லாத்திலும் அதன் தடம் இருக்கு. சிக்கனமா சொன்னா தூரம் போகும்னு இதில்தான் கத்துக்கிட்டேன்.

7/
இங்கே ஒரு கிளைக்கதை, டாக்டர்களுக்காக.

கிராஃப்ட்வெர்க்கை உலகம் அறிய வைத்த "ஆட்டோபான்" வந்தது 1974. அதே 1974-ல்தான் ஜப்பானில் டகுவோ அயோயாகி என்ற பொறியாளர் பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் அடிப்படைத் தத்துவத்தை வெளியிட்டார். விரல் வழியா ஒளியைச் செலுத்தி, நாடி துடிக்கும்போது மாறுகிற பகுதியை மட்டும் பிரித்து எடுத்தால் ஆக்ஸிஜன் அளவு தெரியும்ங்கிற யோசனை.

2020 ஏப்ரல் 18-ல் அயோயாகி காலமானார். மூன்று நாள் கழிச்சு ஏப்ரல் 21-ல் ஃப்ளோரியன் ஷ்னைடர் காலமானார். அந்த மாசம்தான் உலகம் முழுக்க மனுஷங்க மெடிக்கல் ஷாப்பில் ஆக்ஸிமீட்டர் தேடிக்கிட்டிருந்தாங்க. கோவிட் வார்டில் பாதுகாப்பு உடைக்குள்ளே வியர்த்துக்கிட்டு நான் கேட்டுக்கிட்டிருந்த ஒரே சங்கீதமும் அயோயாகியோடதுதான்.

கிராஃப்ட்வெர்க் 2003-ல் வெளியிட்ட டூர் டி பிரான்ஸ் ஆல்பத்தில் "எலெக்ட்ரோ கார்டியோகிராம்"னு ஒரு பாட்டே உண்டு. சைக்கிள் பைத்தியமான ஹட்டரின் மருத்துவப் பரிசோதனைகளில் பதிவான இதயத்துடிப்பும் மூச்சும் அதில் தாளமாகியிருக்கு. ஈசிஜி எடுத்துப் பாட்டு போட்ட குழு!

8/
ஆல்பம் 3: மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ். பிரையன் ஈனோ, 1978.

இது முதுகலை படிச்ச காலம். 36 மணி நேர டியூட்டி. முடிச்சுட்டு அறைக்கு வந்தா உடம்பு அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கும், ஆனா தூக்கம் வராது. காதில் அலாரம் ஓடிக்கிட்டே இருக்கும். அப்போ எனக்குக் கிடைச்ச மருந்து இது.

எப்படிப் பண்ணினார்னு பாருங்க. இரண்டாவது துண்டில் மனிதக் குரல்கள்தான், ஆனா வார்த்தை கிடையாது. ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு டேப் வளையத்தில். எல்லா வளையமும் வெவ்வேறு நீளம். ஓட விட்டால் ஒவ்வொன்றும் தன் நேரத்துக்குத் திரும்ப வரும். சில சமயம் மூன்று ஸ்வரம் சேர்ந்து வரும், சில சமயம் ஒன்று தனியா, சில சமயம் அமைதி. 5-ம் 7-ம் 35-ல்தான் சந்திக்கும்னு மிருதங்கம் தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல வேண்டாம். இங்கே அந்த எண்கள் ரொம்பப் பெரியவை, அதனால் கேட்கும் நேரத்துக்குள் அதே சேர்க்கை திரும்ப வராது.

இதைப் புரிஞ்சுக்கிட்ட அடுத்த இரவு ஐசியூவில் நின்னேன். 8 படுக்கை, 8 மானிட்டர், 8 வேகம். இரண்டு பீப் ஒரு நொடி சேர்ந்து அடிக்கும், அப்புறம் விலகும். ஈனோவின் டேப் வளையங்கள் அங்கே ஏற்கெனவே ஓடிக்கிட்டிருந்தது. அன்னைக்குத்தான் அந்த இடத்தின் சத்தம் எனக்கு இரைச்சலா இல்லாம போனது.

9/
இந்த மாதிரி இசை ஈனோவுக்குத் தோணினதே ஒரு விபத்தால். 1975-ல் லண்டனில் கார் மோதிப் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த தோழி பழைய ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிட்டாங்க. சத்தம் ரொம்பக் குறைவு, ஒரு ஸ்பீக்கர் வேற வேலை செய்யலை. எழுந்துபோய்க் கூட்ட முடியலை. வெளியே மழை. மழைக்கு நடுவே அங்கங்கே ஒரு ஸ்வரம் மட்டும் கேட்டுச்சு. இசை அறையின் ஒரு பகுதியா, வெளிச்சம் மாதிரி இருக்கலாம்னு அப்போ தோணியது அவருக்கு.

நோயாளியா படுத்துக் கிடந்த ஒருத்தர் கண்டுபிடிச்ச இசை இது. 2013-ல் இங்கிலாந்தின் ஹோவ் ஊரில் ஒரு மருத்துவமனைக்காக ஒலியும் ஒளியும் சேர்ந்த ஓர் அமைதி அறையையும் அவர் அமைச்சுக் கொடுத்தார். நம்ம ஊர் காத்திருப்பு அறைகளில் டிவி சீரியல் அலறுவதைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

10/
ஆல்பம் 4: செலெக்டட் ஆம்பியன்ட் வொர்க்ஸ் 85–92. ஏஃபெக்ஸ் ட்வின், 1992.

ரிச்சர்ட் டி. ஜேம்ஸ், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிப் பையன். பிறந்தது 1971. தலைப்பில் இருக்கிற 85-ஐ நம்பினா, சில துண்டுகள் 14 வயசில் பண்ணினது!

கேசட்டில் பதிஞ்சு வெச்சிருந்ததால் பின்னாடி லேசா ஒரு "ஸ்ஸ்ஸ்" இருக்கும். இன்றைய அளவுகோலில் தரம் குறைவுதான். ஆனா அந்தச் சத்தம்தான் அதுக்கு ஒரு வெதுவெதுப்பைக் கொடுக்குது. கேசட் காலத்து ஆட்களுக்கு அது குறையே இல்லை, வீட்டு வாசனை. கீழே டிரம் வேகமா ஓடும், மேலே மேகம் மாதிரி மெட்டு மெதுவா நகரும். ஆடவும் வைக்கும், அழவும் வைக்கும். எலக்ட்ரானிக் இசையில் ஏக்கம் இருக்க முடியும்னு காட்டிய ஆல்பம்.

11/
ஆல்பம் 5: அன்ட்ரூ. பெரியல், 2007.

தெற்கு லண்டன். யார் இவர்னே ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது, முகம் காட்டலை. மழைச் சத்தம், ரெக்கார்டு கீறல், எங்கேயோ பக்கத்துத் தெருவில் யாரோ பாடுற மாதிரி உடைஞ்ச குரல்கள். நைட் டியூட்டி முடிச்சு விடியற்காலை 4 மணிக்கு பைக்கில் வீட்டுக்கு வர்றவங்களுக்காகவே பண்ணினது மாதிரி இருக்கும்.

இதில் ஒரு தொழில்நுட்ப விஷயம் முக்கியம். பொதுவா இந்த இசையில் தாளத்தைக் கம்ப்யூட்டர் கட்டம் போட்டு இம்மி பிசகாம அடுக்கும். பெரியல் அந்தக் கட்டத்தையே பயன்படுத்தலை. சாதாரண ஒலி எடிட்டிங் மென்பொருளில், அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்து டிரம்மை வெச்சார். அதனால் அடி ஒவ்வொன்றும் மயிரிழை முன்னே பின்னே விழும்.

அதுதான் உயிர். கவிதைக்காகச் சொல்லலை, பாடப்புத்தகத்தில் இருக்கு. ஆரோக்கியமான இதயம் கடிகாரம் மாதிரி துடிக்காது. மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் வேகமாகும், விடும்போது கொஞ்சம் மெதுவாகும். பிரசவ வார்டில் தாயின் வயிற்றில் பெல்ட் கட்டி, உள்ளே இருக்கும் குழந்தையின் துடிப்பை ஓட விடுவோம். கோடு நெளிஞ்சுக்கிட்டே இருந்தா நிம்மதி. ரொம்ப நேரம் நெளிவே இல்லாம தட்டையா போனா எங்க வயிறு கலங்கும். சர்க்கரை நோய் நரம்புகளைக் கெடுத்த இதயமும் இப்படித்தான், ஒரே சீராகிவிடும்.

12/
ஆல்பம் 6: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட். சரண்ஜித் சிங், 1982.

இது நம்ம நாட்டுப் பெருமை. பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் கிடாரும் கீபோர்டும் வாசிச்சவர் சரண்ஜித் சிங். அப்போதுதான் ஜப்பானிலிருந்து வந்திருந்த மூணு ரோலண்ட் கருவிகள்: டிஆர்-808 தாளப் பெட்டி, டிபி-303 பேஸ் பெட்டி, ஜூபிடர்-8 கீபோர்டு. இதை வெச்சுப் பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசிச்சார். எச்எம்வி வெளியிட்டது, யாரும் கண்டுக்கலை.

அந்த 303 பெட்டியும் சந்தையில் தோத்துச்சு. பேஸ் கிடார் வாசிக்கிற ஆளுக்கு மாற்றா வந்தது, ஆனா கிடார் மாதிரியே கேட்கலை. 1984-ல் உற்பத்தி நின்னுபோச்சு. பழைய சாமான் கடையில் மலிவா கிடைச்ச அதைத் திருகி நெளிச்சு, சிகாகோ இளைஞர்கள் 1987-ல் "ஆசிட் ஹவுஸ்" என்ற வகையைக் கொண்டு வந்தாங்க. அதே சத்தம் ஐந்து வருஷம் முன்னாடியே பம்பாயில்! சிகாகோக்காரங்களுக்கு இந்த ரெக்கார்டு தெரியாது, இவருக்கும் அப்படி ஒன்று வரப்போகுதுன்னு தெரியாது. 303-இல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போகும் வசதி உண்டு. ராகத்துக்கு அதுதானே வேணும்? 2002-ல் நெதர்லாந்துக்காரர் ஒருத்தர் டெல்லியில் பழைய இசைத்தட்டா கண்டெடுத்து, 2010-ல் மறுவெளியீடு ஆனபோதுதான் உலகம் வாயைப் பிளந்தது. சரண்ஜித் சிங் 2015-ல் காலமானார். அதுக்குள்ளே ஐரோப்பிய மேடைகளில் வாசிச்சுட்டார்ங்கிறது ஆறுதல்.

13/
இந்த ஆல்பத்துக்கு என் வீட்டில் வேறு ஒரு இடம் உண்டு.

அப்பாவுக்கு 74 வயசில் அல்சைமர் தொடங்கியது. முதலில் சாவி, அப்புறம் தெருப் பெயர், அப்புறம் என் பெயர். ஒரு கட்டத்தில் என்னை "சார்"னு கூப்பிட ஆரம்பிச்சார். எத்தனையோ குடும்பத்துக்கு இந்த நோயை நான் விளக்கியிருக்கேன். அந்த "சார்"க்கு எந்த விளக்கமும் கைகொடுக்கலை.

ஒருநாள் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து இந்த ஆல்பத்தை ஃபோனில் போட்டேன். பூபாலி ராகம், அதாவது நம்ம மோகனம். 808 டப் டப்னு அடிக்குது, 303 நெளியுது. ஒரு நிமிஷம் கழிச்சு அப்பா விரல் தொடையில் தட்ட ஆரம்பிச்சது. அப்புறம் தலையைத் திருப்பிக் கேட்டார்:

"யார்றா இவன், மோகனத்தைத் தூக்கிட்டு ஓடறான்?"

ராகம் தெரிஞ்சது. கிண்டல் தெரிஞ்சது. "றா" திரும்பி வந்துச்சு. அரை நிமிஷம்தான், அப்புறம் பழையபடி. எனக்கு அது போதும்.

மற்ற நினைவுகள் போன பிறகும் இசை நினைவு பலருக்கு நீண்ட நாள் தங்கும். மருத்துவத்தில் நன்றாகத் தெரிஞ்ச விஷயம்தான். வீட்டில் மறதி நோயாளி இருந்தா அவங்க இளவயசுப் பாட்டைப் போட்டுப் பாருங்க. குணமாகாது. ஆனா அவங்க இருக்கும் இடத்துக்கு நீங்க போய்வர ஒரு வழி அது.

14/
ஆல்பம் 7: எவ்ரிவேர் அட் தி எண்ட் ஆஃப் டைம். தி கேர்டேக்கர், 2016–2019.

லேலண்ட் கிர்பி என்ற ஆங்கிலேயர். மறதி நோயின் 6 கட்டங்களை 6 தொகுதியாப் பண்ணினார், மொத்தம் ஆறரை மணி நேரம். பழைய நடன அரங்கு இசைத்தட்டுகளை எடுத்துக்கிட்டு, முதல் கட்டத்தில் லேசான கீறலோடு அழகா ஓட விடுவார். போகப்போக மெட்டு அறுந்து, கலந்து, திரும்பத் திரும்ப வந்து, கடைசியில் வெறும் மூடுபனி.

ஒரே மூச்சில் கேட்காதீங்க. வீட்டில் இந்த நோய் நடந்துக்கிட்டிருந்தா இப்போ கேட்கவே வேண்டாம். நான் அப்பா போய் ஒரு வருஷம் கழிச்சுத்தான் கேட்டேன். பாடப்புத்தகம் வெளியிலிருந்து விவரிக்கிற நோயை உள்ளேயிருந்து கேட்ட மாதிரி இருந்தது. அதுக்கப்புறம் என் நோயாளிகளின் குடும்பத்திடம் நான் பேசும் வேகமே குறைஞ்சிருக்கு.

அப்பா வீட்டிலேயேதான் போனார். மானிட்டர் வைக்க வேண்டாம்னு நானே சொல்லிட்டேன். அந்தச் சுருதி இறங்குறதை என் காது கேட்டா நான் மகனா இருக்க மாட்டேன், டாக்டராகிடுவேன். பதிலா அவர் சுருதிப் பெட்டியைத் தலைமாட்டில் மெதுவா ஓட விட்டோம். அவர் மூச்சு நின்ன பிறகும் அது ஓடிக்கிட்டிருந்தது. அணைக்க யாருக்கும் கை வரலை. கடைசியில் அன்னிக்கு ராத்திரி அம்மாதான் அணைச்சாங்க.

15/
புதுசா கேட்கத் தொடங்குறவங்களுக்கு என் மருந்துச்சீட்டு:

முதலில் டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ், முடிஞ்சா ரயிலில். ராகம் பிடிக்கும்னா நேரா சரண்ஜித் சிங். தூக்கம் வராத இரவுக்கு ஈனோ, ரொம்பக் குறைஞ்ச சத்தத்தில். மழை நாளுக்குப் பெரியல். ஆக்ஸிஜீனை ஹெட்ஃபோனில், கண்ணை மூடி. ஏஃபெக்ஸ் ட்வின் எப்ப வேணும்னாலும். கேர்டேக்கரை மட்டும் கடைசிக்கு வையுங்க.

16/
கடைசியா, டாக்டரா ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவங்களுக்கு 80 டெசிபல் சத்தம் வாரம் 40 மணி நேரம் வரை பாதுகாப்பு. அதுவே 90 டெசிபல்னா வாரம் 4 மணி நேரம்தான். பெரும்பாலான ஃபோன்களில் இந்த அளவைக் காட்டும் வசதி இருக்கு, ஒரு தடவை பாருங்க. உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிரணுக்கள் போனா மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது. எந்தச் சிந்தசைசராலும் அதைத் திருப்பித் தர முடியாது.

உங்க காதைத் திறந்த ஆல்பம் எது? கீழே சொல்லுங்க. ஞாயிற்றுக்கிழமை எனக்கு டியூட்டி இல்லை, எல்லாத்தையும் கேட்டுடறேன்.